தாழ்ப்பாளைக் கழற்றிய சனிக்கிழமை

இன்று காலை தாரணியின் புதுச் சுவெற்றரில் இருந்த லேபல்களை வெட்டினேன். நகம் வெட்டவென்று நீ வைத்திருந்த அந்தச் சின்னக் கத்தரிக்கோலால்தான். கழுத்துப் பக்கம் ஒன்று, விலாத் தையலுக்குள் ஒன்று. விலாவில் இருப்பதை நான் எப்போதும் மறந்துவிடுவேன். நீதான் சட்டையை உள்பக்கம் புரட்டி, விரலால் தடவித் தேடிப் பிடிப்பாய். வெட்டிய இடத்தில் ஒரு நூல் முனை மிஞ்சினாலும் பிள்ளை அன்று முழுவதும் சட்டையைக் கழற்றி எறிவாள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அது தெரியவர வருடக்கணக்கு ஆனது.

கடும் நீலச் சுவெற்றர். நெஞ்சில் ஒரு சின்ன மரம் தைத்திருக்கிறது. றிச்மண்ட் ஹில்லில் நீ ஆசைப்பட்டாயே, அந்தப் பள்ளிக்கூடத்தின் சுவெற்றர். திங்கட்கிழமை முதல் எங்கள் மகள் அங்கே போகப்போகிறாள். கட்டணத்துக்கு நாங்கள் கேட்ட வவுச்சர் கிடைத்துவிட்டது.

நீ இதை உடனே நம்பமாட்டாய். "என்னப்பா, பகிடியே விடுறீங்கள்?" என்பாய். அதற்குப் பிறகு, எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் என்றால் வழக்கம்போலப் பூசி மெழுகியிருப்பேன்.

தாரணிக்கு ஆறு வயதாக இருந்தபோது வந்த போன்கள் நினைவிருக்கிறதா? ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்கு விட்டுவிட்டு வருவாய். பத்தரைக்குப் போன் வரும். இன்றைக்குத் தாரணிக்கு நாள் சரியில்லை, வந்து கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று. வாரத்தில் மூன்று நாளாவது நாள் சரியில்லாமல் போனது. நான் பிக்கரிங்கில் வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருப்பேன், என் போன் லொக்கருக்குள் கிடக்கும். நீ ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு ஓடுவாய். கடைக்கார அண்ணை நல்ல மனிதர்தான், ஆனால் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? நீ வேலையை விட்டாய்.

அந்த ரீச்சர்மாரில் ஒரு பிழையும் இல்லை என்று நீயே சொல்வாய். "அத்தினை பிள்ளையளுக்கு அவை ரெண்டு பேர். அதுகளும் என்ன செய்யிறது?" நான் ரீச்சர்மாரைத் திட்டினேன். எனக்குத் திட்டுவது சுலபம்.

பிறகுதான் யாரோ ஒரு தாய் சொல்லி, றிச்மண்ட் ஹில் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனோம். ஒரு வகுப்புக்கு ஆறு பிள்ளைகள். மணி அடிக்கிற வழக்கமே இல்லை. நடைபாதையின் முடிவில் ஓர் ஊஞ்சல் தொங்கியது. யாரையும் கேட்காமல் தாரணி போய் அதில் ஏறி இருந்தாள். ஒரு மணித்தியாலம் இருந்தாள். திரும்பும்போது காருக்குள் நீ அழுதாய். நான் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அவள் ஒருக்காலும் காதைப் பொத்தேல்லை. கவனிச்சனீங்களோ?"

நான் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் கட்டணத் தாளைத்தான் கவனித்திருந்தேன். அது எங்கள் இரண்டு பேரின் சம்பளத்துக்கும் எட்டாது, அப்போது ஒருவர் சம்பளம்தான் இருந்தது.

புளோரிடாவில் இருந்த உன் சித்தியின் மகள், அங்கே தாரணியைப் போல ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கமே தனியார் பள்ளிக்கூடத்துக்கு வவுச்சர் கொடுக்கிறது என்று போனில் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து நீ நிலைகொள்ளவில்லை. "இஞ்சை ஏன் இல்லை? அப்ப நாங்களும் அங்கை போவமே?" என்று கேட்டாய். "ஒருக்கா நாட்டை விட்டு ஓடினது காணும்," என்றேன். நீ விடவில்லை. போனும் கையுமாக ஒரு மாதம் தேடி, ஓர் அறநிதியைக் கண்டுபிடித்தாய். வருடத்தில் ஒரு சில பிள்ளைகளுக்கு அவர்கள் வவுச்சர் கொடுக்கிறார்கள். போர்ம் நிரப்பி அனுப்பவேண்டும். பிறகு ஆள் வீட்டுக்கு வந்து பார்த்து, யாருக்குத் தேவை கூட என்று முடிவெடுப்பார்கள். போர்மை நீ தமிழில் எழுதித்தர, நான் இங்கிலீஷில் நிரப்பினேன். அந்தப் போர்மிலேயே நான் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதினேன். அதை உனக்குச் சொன்னதில்லை.

குறைத்துச் சொல்கிற அந்த வியாதி எனக்கு முதலிலிருந்தே இருந்தது. கலியாண வீடுகளில் யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "கதை கொஞ்சம் பிந்துது, மற்றும்படி நல்ல கெட்டிக்காரி" என்பேன். வேலையில் ஒருவருக்கும் தெரியாது. உன்னோடு சண்டை வந்ததும் இதில்தான். "மறைச்சு வைக்கிறதுக்கு அவள் என்ன, களவே எடுத்தவள்?" என்று நீ கேட்டாய். நான் குப்பை கொட்டப் போனேன்.

அறநிதியிலிருந்து ஓர் அம்மா வீடு பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு முந்தின மூன்று நாளும் நான் வீட்டைத் துப்புரவாக்கினேன். பொம்பிளை பார்க்க ஆட்கள் வருகிற வீட்டைப் போல ஆக்கிவிட்டேன். தாரணி தலையை மோதி விழுந்த பள்ளங்கள் இரண்டைச் சுவரில் அடைத்து, மேலே பெயின்ற் அடித்தேன். ரிவிக்கு முன்னால் திருகியிருந்த பிளாஸ்ரிக் தகட்டைக் கழற்றினேன். நிலத்தில் கிடந்த அவளுடைய மெத்தையைக் கட்டிலில் ஏற்றி, பூப்போட்ட விரிப்புப் போட்டேன். உன்னை இருபது ரோல்ஸ் சுற்றச் சொன்னேன். வருவது ஒருவர்தானே என்று கேட்டாய். "விசிற்றர் வந்தா வெறும் பிளேற்றே வைக்கிறது?" என்றேன்.

கடைசியாக முன்கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றினேன். பிள்ளை கைக்கு எட்டாமல் நானே திருகிப் பூட்டிய தாழ்ப்பாள் அது. பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அரசாங்கம் பறித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று உனக்குச் சொன்னேன். எங்கள் ஆட்களிடையே அப்படிக் கதைகள் ஆயிரம் உலவுகின்றனதானே. ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தத் தாழ்ப்பாள் எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். கையெல்லாம் ரஸ்க் தூள்.

"இஞ்சருங்கோ, அதை ஏன் கழட்டுறீங்கள்? அதைப் பாக்கத்தானே அவ வாறா."

அந்த அம்மா நனைந்த குடையோடு வந்தார். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார், அதிலேயே எனக்கு அவரில் ஒரு மதிப்பு வந்தது. எங்கள் கெட்ட காலத்துக்குத் தாரணி அன்றைக்குத் தங்கமாக இருந்தாள். நீ காலையில் ஒரு மணித்தியாலம் வெந்நீரில் இருத்தியிருந்தாய். பட்டுப்போல வாரிய தலையோடு, ஐபாட்டைப் பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். அந்த அம்மா கேள்விகளை உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். இங்கிலீஷ் உனக்கு விளங்கும், ஆனால் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வாய் வராது. நீ தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் சொல்வதென்று ஏற்பாடு.

"கதவு திறந்திருந்தா ஓடிப்போடுவாள். போன மாதம் நடு ரோட்டிலை நிண்டவள்," என்றாய்.

அவளுக்கு நடக்கப் பிரியம் என்று நான் சொன்னேன்.

"கோவம் வந்தா தன்ரை கையையே கடிப்பாள். இஞ்சை, தழும்பைக் காட்டுங்கோ."

சிலநேரம் கொஞ்சம் பிடிவாதம் என்று சொன்னேன். தழும்பைக் காட்டவில்லை.

"நித்திரை இல்லை. நானும் இவரும் மாறிமாறி முழிச்சிருக்கிறம். எனக்கு ஏலாமல் இருக்கு எண்டு சொல்லுங்கோ."

பிந்தித்தான் படுப்பாள், ஆனால் நாங்கள் சமாளிக்கிறோம் என்று சொன்னேன்.

நீ என்னை ஒருதரம் பார்த்தாய். வந்த ஆள் முன்னால் புருசனைத் திருத்தக்கூடாது என்று உன் வளர்ப்பு. அதற்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் ஒற்றைச் சொற்கள். அந்த அம்மா ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டு, மிகவும் ருசி என்றார். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரை எலிவேற்றர் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தபோது நீ கதிரையில் ஏறி நின்று, தாழ்ப்பாளைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தாய். நான் கேட்டும் திருப்புளியைத் தரவில்லை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. உங்கள் குடும்பம் மிக நன்றாகச் சமாளிப்பதைக் கண்டு மகிழ்ந்தோம், உங்களைவிடத் தேவை கூடிய குடும்பங்கள் இருக்கின்றன, இரண்டு வருடத்துக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். நான் சொன்ன அதே சொல். சமாளிக்கிறோம். நீ அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மடித்தாய்.

"உங்கடை மானத்துக்கு வவுச்சர் இல்லையாம்," என்றாய்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அது அன்றோடு முடிந்திருக்கும்.

அடுத்த வருடம் உனக்கு வருத்தம் வந்தது. வயிற்று நோவை நீ பல மாதம் தள்ளிப்போட்டிருந்தாய். பிள்ளையை யார் பார்ப்பது என்று இரண்டு அப்பொயின்ற்மென்றைத் தவறவிட்டிருந்தாய். வேளைக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். இந்த வகைப் புற்றுநோயில் அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பூசி மெழுகுகிறவனுக்கு மற்றவர்கள் சொல்வதிலும் நம்பிக்கை வராது.

ஆஸ்பத்திரியில் நீ என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. ஒருநாள் மட்டும், மத்தியானம், நான் உனக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாய்.

"அடுத்த முறை அந்த அம்மா வந்தா, ரோல்ஸ் குடுத்து அனுப்பிப்போடாதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். சிரிக்கிற நேரமா அது.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. உன் செத்தவீட்டுக்குத் தாரணியை நான் கூட்டிவரவில்லை. சனம் நிறைந்த மண்டபத்தில் அவள் கத்துவாள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், "ஐயோ பாவம்" என்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்து அப்பாட்மென்ற் அன்ரியிடம் விட்டுவிட்டு வந்தேன். அன்ரி கேட்டா, "தம்பி, பிள்ளை தாயைக் கடைசியா ஒருக்காப் பாக்க வேண்டாமே?" என்று. அவளுக்கு விளங்காது அன்ரி என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு உன்னை எரிக்க வந்தேன். என் பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அவளுக்கு விளங்கியது ஒன்றுதான். நீ கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது முன்கதவால். ஆகவே நீ அந்தக் கதவுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறாய். ஒவ்வொரு நாளும் வந்து கதவடியில் நின்றாள். நான் உடுப்புத் தோய்க்கக் கீழே போய் வந்தபோது ஒருமுறை தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். பொலிஸ் வந்து, கட்டடம் முழுக்கத் தேடி, கடைசியில் பஸ் தரிப்பில் அவளைக் கண்டார்கள். நீயும் அவளும் நீச்சலுக்குப் போக பஸ்சுக்குக் காத்திருக்கிற வாங்கில் இருந்தாள். வெளியே பனி, காலில் சப்பாத்து இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி தன் கோட்டைக் கழற்றி அவளுடைய கால்களைச் சுற்றி வைத்திருந்தார். பொலிஸ்காரப் பிள்ளை என்னிடம், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. மனைவி இருக்கிறா என்று வாயில் வந்துவிட்டது.

இரண்டு வருடம் முடிந்ததும் விண்ணப்பித்தேன். போன மாதம் அதே அம்மா வந்தார். நான் வீட்டைத் துப்புரவாக்கவில்லை. சுவரில் நாலு பள்ளம், நிலத்தில் மெத்தை, உச்சியில் தாழ்ப்பாள். தண்ணீர்தான் கொடுத்தேன், அதுவும் பிளாஸ்ரிக் கோப்பையில். அவருக்கு எங்களை நினைவிருந்தது. உங்கள் மனைவி வெளியே போயிருக்கிறாவா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். நான் சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டினேன். அவர் பேனையை மூடி மடியில் வைத்தார்.

பிறகு அதே கேள்விகள். ஓடுவாளா? ஓடுவாள், ஒருமுறை பொலிஸ் வந்தது. தன்னைத்தானே நோகப்பண்ணுவாளா? கையைக் கடிப்பாள், தலையை மோதுவாள், இதோ தழும்பு. நித்திரை? இல்லை. நீங்கள் களைத்துப்போனால் யார் பார்ப்பார்கள்? ஒருவரும் இல்லை. எனக்கு ஏலாமல் இருக்கிறது என்றும் சொன்னேன். இங்கிலீஷில் அதைச் சொல்ல எனக்குச் சரியான சொல் வரவில்லை, இரண்டு மூன்று விதமாகச் சொன்னேன். போன முறை நீ சொன்னதையெல்லாம் நான் மாற்றிச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் அதை எழுதவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த நேரம் தாரணி அறைக்குள்ளிருந்து வந்தாள். நேரே அந்த அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவருடைய கையைத் தாழ்ப்பாள் பக்கம் உயர்த்தித் தள்ளினாள். வேண்டியதை வாயால் கேட்க முடியாதபோது அவள் மற்றவர்களின் கையைத்தான் எடுத்து வைப்பாள், உனக்குத் தெரியும். என்ன கேட்கிறாள் என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். தாயைத் தேடுகிறாள், நான் அவளுக்குத் தாயின் முகத்தைக் கடைசியாகக் காட்டவில்லை என்று சொன்னேன். உன்னைத் தவிர ஒரு வேற்று மனுசிக்கு முன்னால் நான் அழுதது அதுதான் முதல்தரம்.

போன ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனேன். உன்னோடு ரேக்-அவுட்டில் வேலை செய்த அக்கா கண்டுவிட்டு, பிள்ளை எப்பிடி என்று கேட்டா. "கதைக்க மாட்டாள் அக்கா. ஓடுவாள். தனியச் சமாளிக்க என்னாலை ஏலாது," என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் வந்து பிள்ளையோடு இருப்பதாகச் சொன்னா. இத்தனை வருடமும் நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அதற்கு அடுத்த நாள் கடிதம் வந்தது. எலிவேற்றருக்குள்ளேயே கிழித்தேன். முதல் வரியிலேயே கிடைத்துவிட்டது என்று இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பதினோராம் மாடி வர முன்னமே கதவோடு ஒட்டி நின்றேன். ஓடிப்போய் வீட்டைத் திறந்து, "இஞ்சை வா, கிடைச்சிட்டுது," என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. தாரணியோடு இருந்த பக்கத்து அன்ரி எழும்பி வந்து எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டா.

பிறகுதான் கதிரையில் இருந்து மிச்சத்தை வாசித்தேன். ஏன் இந்தப் பிள்ளையைத் தெரிந்தெடுத்தோம் என்று காரணங்கள் எழுதியிருந்தார்கள். முதலாவது காரணம், தாய் இறந்துவிட்டார், தந்தை மட்டுமே இருக்கிறார். மற்றவையெல்லாம் நீ அன்றைக்குத் தமிழில் சொன்னவை, ஒன்றும் புதிது இல்லை. அவற்றை அன்றே அப்படியே சொல்லியிருந்தால் நீ இருக்கும்போதே கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு அந்தச் சுவெற்றரைப் போட்டுவிட்டு நீ பார்த்திருப்பாய்.

இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும் சொன்னேன், டொக்டரிடமும் சொன்னேன். ஆனால் இங்கிலீஷில் சொல்லி முடித்தவுடன் என்னை அறியாமலே பக்கத்துக் கதிரையைப் பார்க்கிறேன். நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று நீ காது கொடுத்துக்கொண்டிருப்பாய் என்ற பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. அந்த அம்மா வந்த அன்றும் பார்த்தேன். நீ சொல்லச் சொன்ன எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், ஒரு சொல்லும் விடவில்லை. நீ செத்துப்போனதையும் நான்தான் சொல்லவேண்டி இருந்தது.